பலசரக்குக் கடையில் தொங்கிய இரண்டு சீட்டுகள்

2024 பிப்ரவரிக் கடைசியில் எங்கள் தெருமுனைப் பலசரக்குக் கடைக்குப் போனவர்கள் யாரும், திருச்செந்தூர் முருகன் படம் போட்ட நாள்காட்டிக்குக் கீழே ஆணியில் குத்தியிருந்த இரண்டு சீட்டுகளைப் பார்க்காமல் திரும்பியிருக்க முடியாது. இரண்டும் என் பரிசோதனை நிலையத்துச் சீட்டுகள்; இரண்டிலும் என் கையெழுத்து. முதல் சீட்டில், காமாலையில் கண்ணை மஞ்சளாக்கும் நிறமியான பிலிருபின் மொத்தம் 7.2; ஒன்றைச் சுற்றி இருக்க வேண்டிய எண். பதினோரு நாள் கழித்து எடுத்த இரண்டாவதில் 2.1. இடையில் நடந்தது கீழாநெல்லி என்பார் கடை அண்ணாச்சி. கேட்டவர்களுக்கும் சொன்னார், கேட்காமல் கடுகு வாங்க வந்தவர்களுக்கும் சொன்னார்.

மார்ச் மாதம் மூன்றாவது சீட்டு வந்தது. அது ஆணிக்குப் போகவில்லை.

அந்த மூன்று சீட்டுகளையும், அதே தெருவில் அதே சாற்றைக் குடித்த வேறு மூன்று பேரின் சீட்டுகளையும் முன்னால் பரப்பி வைத்துக்கொண்டு இதை எழுதுகிறேன். நான் மருத்துவன் அல்லன். சேரன்மகாதேவிப் பக்கம் தாமிரபரணிக் கரை ஊர் ஒன்றில் இருபத்திரண்டு வருடங்களாக இரத்தம் எடுத்துச் சோதித்து எண்களை எழுதிக் கொடுப்பவன். சம்பந்தப்பட்டவர்களிடம் கேட்டுக்கொண்டு, அடையாளம் தெரியக்கூடிய விவரங்களை விட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். அண்ணாச்சி மட்டும் ஒரு நிபந்தனை போட்டார்: "கீழாநெல்லியைத் திட்டி எழுதக் கூடாது தம்பி. அது என்ன பாவம் செய்தது?"

நியாயமான நிபந்தனைதான். செடியின் மேல் எனக்கு ஒரு வழக்கும் இல்லை.

ஆச்சியின் அம்மி

எங்கள் தெருவில் காமாலை என்றால் முதலில் ஆச்சி, அடுத்து நான், அதற்கும் பிறகுதான் டாக்டர். ஆச்சிக்கு எண்பது வயது இருக்கும். வாய்க்கால் வரப்பில் கீழாநெல்லியை வேரோடு பிடுங்கி, மூன்று தண்ணீர் அலசி, அம்மியில் மைய அரைத்து, நெல்லிக்காய் அளவு உருட்டி, புளிக்காத மோரில் கரைத்துக் கொடுப்பார். விடிகாலை, வெறும் வயிறு, மூன்று நாள். அந்த நாட்களிலும் அதன் பிறகு ஒரு மண்டலமும் எண்ணெய் கூடாது, புளி கூடாது, கறி மீன் கூடாது, சாராயவகை எதுவும் கூடாது. காசு வாங்க மாட்டார். வாங்கினால் மருந்து பலிக்காது என்று அவருடைய மாமியார் சொல்லிக் கொடுத்திருக்கிறார். இலைக்கு அடியில் வரிசையாகப் பொடிப்பொடிக் காய் தொங்கும் அந்தச் செடியை எனக்கு அடையாளம் காட்டியவரும் ஆச்சிதான். என் மகளுக்குச் சிறுவயதில் காமாலை வந்தபோது நானும் கிண்ணத்தை ஏந்திக்கொண்டு அந்த வாசலில் நின்றிருக்கிறேன். இதை மறைத்துவிட்டு மேலே எழுதுவது சரியாக இருக்காது.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழை தென்மாவட்டக்காரர்களுக்கு மறக்காது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர் கொட்டியது. தாமிரபரணி ஊருக்குள் வந்தது. எங்கள் தெருவில் குடிநீர்க் குழாயும் சாக்கடையும் சில நாட்கள் ஒன்றாகக் கிடந்தன. மலத்தில் வெளியேறி, தண்ணீர் வழியாக அடுத்தவர் வயிற்றுக்குப் போகும் ஹெபடைடிஸ் ஏ வைரஸுக்கு அதைவிட நல்ல பாதை வேண்டியதில்லை. உள்ளே போன வைரஸ் நோயாக வெளிப்பட 15 முதல் 50 நாள் வரை ஆகும். சராசரி நான்கு வாரம். பொங்கல் கழிந்த வாரத்தில் என் வாசலில் மஞ்சள் கண்கள் வந்து நின்றபோது எனக்கு வியப்பு இல்லை. தண்ணீர் வடிந்த ஈரத்தில் கீழாநெல்லியும் அந்த வருடம் செழிப்பாக முளைத்திருந்தது.

மூன்று பேர்

முதலாமவன் ஒன்பதாம் வகுப்புப் பையன். காய்ச்சல், வாந்தி, சோற்றைக் கண்டாலே குமட்டல், நாலைந்து நாளில் கண் மஞ்சள். பிலிருபின் 8.4, எஸ்ஜிபிடி 1,640. கல்லீரல் செல்கள் அடிபட்டால் இரத்தத்தில் ஏறும் நொதி அது; நாற்பது சொச்சத்தைத் தாண்டக் கூடாது. ஹெபடைடிஸ் ஏ என்பது அதற்கான தனிப் பரிசோதனையில் உறுதியானது. கண் நன்றாக மஞ்சளான அன்று ஆச்சியின் சாறு ஆரம்பம். மூன்றாம் வாரம் பையன் தெருவில் பந்து விளையாடினான். அவன் அம்மா ஆச்சிக்கு ஒரு சேலை எடுத்துக் கொடுத்தார்.

இந்த நோயில் ஒரு வேடிக்கை உண்டு. கல்லீரல் செல்கள் அதிகம் அடிபடுவது பெரும்பாலும் கண் மஞ்சளாவதற்குச் சற்று முன்னால். வைரஸ் மலத்தில் மிகுதியாக வெளியேறுவதும் மஞ்சளுக்கு முந்தைய நாட்களில்தான். வீட்டார் கண்ணைப் பார்த்துப் பதறும் நேரத்தில் உடம்பு எதிராளியை ஏற்கெனவே வெளியே தள்ள ஆரம்பித்திருக்கும். பெரும்பாலோர் இரண்டு மாதத்துக்குள் முழுக்கத் தேறிவிடுவார்கள். கல்லீரல் செயலிழந்து ஆபத்துக்குப் போகிறவர்கள் நூற்றுக்கு ஒருவருக்கும் குறைவு. அப்படியானால் அந்தப் பையனுக்கு நான் என் வீட்டுத் தேங்காய்த் தண்ணீரைக் கொடுத்திருந்தாலும், ஒன்றுமே கொடுக்காமல் இருந்திருந்தாலும், அதே மூன்றாம் வாரம் பந்து உருண்டிருக்கும். இரண்டு தெரு தள்ளி அவனுடைய வகுப்புத் தோழன் ஒருவன் அதே நோயில் படுத்தான். சாறு கிடையாது, கஞ்சியும் ஓய்வும்தான். அவனும் அதே கணக்கில் எழுந்துவிட்டான். அந்தக் கதையை யாரும் சொல்லுவதில்லை. சொல்ல அதில் என்ன இருக்கிறது? படுத்தான், எழுந்தான்.

ஆச்சிக்கு மட்டும் அந்தப் பெருமை போகவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். இதே பையனுக்கு இடையில் ஒரு கிளினிக்கில் இரண்டு பாட்டில் குளுக்கோஸ் ஏற்றி, கல்லீரலுக்கு என்று ஒரு டானிக்கும் எழுதிக் கொடுத்திருந்தார்கள். அந்தப் பக்கத்தில் கேட்டால் பையன் டானிக்கில் தேறினான். வெள்ளைச் சட்டைக்கும் அம்மிக்கும் இந்த விஷயத்தில் வேறுபாடு பார்ப்பது எனக்கு உடன்பாடில்லை.

இரண்டாமவர் கொத்தனார். சாயங்காலம் ஆனால் குடிக்காமல் இருக்க மாட்டார். அதே போன்ற இன்னொரு நொதியான எஸ்ஜிஓடி, எஸ்ஜிபிடியைவிட இரண்டு மடங்குக்கு மேல். மதுவால் வெந்த கல்லீரல் பெரும்பாலும் இப்படித்தான் எண் காட்டும். ஆச்சியின் பத்தியத்துக்குப் பயந்து நாற்பது நாள் தொடவில்லை, தேறினார். பத்தியம் முடிந்த வாரமே மறுபடியும் ஆரம்பித்தார், சித்திரையில் மறுபடியும் என் நாற்காலியில் உட்கார்ந்தார். அவரைப் பொறுத்தவரை சாற்றின் வேகம் குறைந்துவிட்டது.

மூன்றாமவரை எனக்கு ஐந்தாறு வருடமாகத் தெரியும். இருபத்தாறு வயது. ஒல்லி. வருடா வருடம் ஐப்பசியில் கந்த சஷ்டிக்கு ஆறு நாள் கடும் விரதம் இருந்து, திருச்செந்தூருக்குப் போய்ச் சூரசம்காரம் பார்த்துவிட்டு வருவார். வரும்போது கண் லேசாக மஞ்சளாக இருக்கும். வீட்டில் ஒருவர் கண்ணேறு என்பார், ஒருவர் தெய்வக் குற்றம் என்பார். ஆச்சியின் சாறு மூன்று நாள், கண் வெளுத்துவிடும். ஆண்டு தவறாமல் நடக்கும் இந்த அற்புதத்தைவிட வலுவான சாட்சி யார் கொடுக்க முடியும்? அவருடைய சீட்டுகளை வருடவாரியாக அடுக்கினால் எல்லாம் ஒரே மாதிரி: பிலிருபின் மூன்றைச் சுற்றி, அதில் பெரும்பகுதி மறைமுக வகை (கல்லீரல் இன்னும் கரையும் வடிவுக்கு மாற்றாதது), கல்லீரலின் மற்ற எண்கள் எல்லாம் சுத்தம். ஒரு டாக்டரிடம் அனுப்பினேன். கில்பர்ட் நிலை என்றார். பிலிருபினைக் கரையும் வடிவுக்கு மாற்றும் நொதி சிலருக்குப் பிறவியிலேயே கொஞ்சம் மந்தம். தொந்தரவு ஒன்றும் இல்லை. ஆனால் பட்டினி, காய்ச்சல், தூக்கமின்மை வந்தால் எண் ஏறும்; வயிறாரச் சாப்பிட்ட ஓரிரு நாளில் தானே இறங்கும். விரதத்தில் ஏறியது விருந்தில் இறங்கியிருக்கிறது. சாறு தொடங்கிய நாளும் சோறு தொடங்கிய நாளும் ஒன்றாக இருந்ததால் பெயர் சாற்றுக்குப் போய்விட்டது.

ஒரே செடி, ஒரே அம்மி, ஒரே மோர். வைரஸ், மது, பிறவிக் குணம் என்று மூன்று காரணங்கள். மூன்று பேரும் தேறினார்கள், மூன்று பேரும் உண்மையே சொன்னார்கள். குடித்தேன், சரியாயிற்று. அதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை.

அண்ணாச்சி

இனி அண்ணாச்சிக்கு வருகிறேன். வயது ஐம்பத்தேழு. குடிப்பழக்கம் கிடையாது. மாதச் சீட்டு நடத்துகிறார். அதில் ஒரு ரூபாய் கணக்குத் தவறியதாக யாரும் சொல்லிக் கேட்டதில்லை. பிப்ரவரி 5 அன்று வந்தார். கண்ணைப் பார்த்ததும் நான் தெருவில் நடமாடும் காமாலை என்றே எடுத்துக்கொண்டேன். ஊசி போடும்போது கையில் நகக்கீறல்களைப் பார்த்தேன். இரவெல்லாம் அரிப்பு, தூக்கமில்லை என்றார். சாப்பிட்ட பிறகு வலது விலாவுக்குக் கீழே பிடித்த மாதிரி ஒரு வலி பல மாதங்களாக வந்து போகிறதாம்; வாய்வு என்று ஓமத் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்திருக்கிறார். சிறுநீர் கடுங்காப்பி நிறம். மலத்தின் நிறத்தைச் சொல்லக் கூச்சப்பட்டார். வற்புறுத்திக் கேட்டபோது, "வெள்ளைக் களிமண் மாதிரி இருக்கிறது தம்பி" என்றார்.

எண்கள் வந்தன. பிலிருபின் 7.2, அதில் 5.6 நேரடி வகை, அதாவது கல்லீரல் கரையும் வடிவுக்கு மாற்றி முடித்தது. எஸ்ஜிபிடி 140. பையனின் 1,640 எங்கே, இது எங்கே. ஆனால் பித்தவழி அடைத்தால் ஏறும் நொதியான ஆல்கலைன் பாஸ்பட்டேஸ் 480. நூற்றிருபதுக்குள் இருக்க வேண்டியது.

கல்லீரல் தன் வேலையைச் செய்கிறது, பித்தம் குடலுக்குப் போகும் வழி அடைத்திருக்கிறது என்று சொல்லும் எண்கள் இவை. மலத்துக்கு நிறம் கொடுப்பது பித்தம். அது குடலுக்கு வராவிட்டால் மலம் வெளுக்கும். திரும்பி இரத்தத்தில் கலந்தால் சிறுநீர் கறுக்கும், தோல் அரிக்கும். அடைப்பது கல்லாக இருக்கலாம், கட்டியாக இருக்கலாம். சீட்டின் அடியில் "வயிறு ஸ்கேன் உடனே எடுக்கவும்" என்று எழுதி, வாயாலும் சொன்னேன்.

"ஸ்கேனா? என் மைத்துனன் ஸ்கேன் எடுத்தான். கட்டி என்று சொன்னார்கள். மூன்றே மாதத்தில் போய்ச் சேர்ந்தான்."

"ஸ்கேன் எடுத்ததாலா அண்ணாச்சி போனார்?"

"அது எனக்குத் தெரியாது. எடுக்கிறவரை கடையில் உட்கார்ந்து வியாபாரம் பார்த்துக்கொண்டிருந்தான்."

அவரை மூடநம்பிக்கைக்காரர் என்று தள்ளிவிடுவது சுலபம். பாளையங்கோட்டைக்குப் போனால் ஒரு நாள் கடை அடைப்பு. ஆச்சி வீடு மூன்று வாசல் தள்ளி. அந்த மாதத்திலேயே சாறு குடித்துத் தேறிய பையன் கண் முன்னால் பந்து விளையாடுகிறான். ஸ்கேன் எடுத்த மைத்துனனின் படத்துக்கு வீட்டில் மாலை தொங்குகிறது. கையில் இருந்த சாட்சிகளை வைத்துப் பார்த்தால் அண்ணாச்சி எடுத்த முடிவு புத்திசாலித்தனமானது. சாட்சிகள்தான் கோளாறு.

சாறு குடித்தார். நாலாம் நாள் அரிப்பு குறைந்தது. ஒரு வாரத்தில் மலம் பழைய நிறத்துக்கு வந்தது. பிப்ரவரி 16 அன்று சிரித்துக்கொண்டே வந்து கையை நீட்டினார். பிலிருபின் 2.1.

என் பங்கை இங்கே சொல்ல வேண்டும். சீட்டை நீட்டும்போது நான், "நல்லது அண்ணாச்சி, நன்றாக இறங்கியிருக்கிறது" என்றேன். அவர் கண் முதல் வரியிலேயே நின்றது. என் கண்ணும் அங்கேயே நின்றது. நாலாவது வரியில் ஆல்கலைன் பாஸ்பட்டேஸ் 390 என்று நானே தட்டச்சு செய்திருந்தேன். பித்தநாளத்தில் கோளாறு அப்படியே இருக்கிறது என்று அந்த ஒரு வரி சொல்லிக்கொண்டுதான் இருந்தது. காமாலைக் கண்ணுக்குக் கண்டதெல்லாம் மஞ்சள் என்பார்கள். அன்றைக்கு எனக்கு மஞ்சள் போனதைத் தவிர ஒன்றும் தெரியவில்லை. அந்தச் சீட்டைத்தான் அவர் ஆணியில் குத்தினார். ஒரு மாதம் அது அங்கே தொங்கியது. அதைப் பார்த்து எத்தனை பேர் ஆச்சி வீட்டுக்குப் போனார்கள் என்று எனக்குத் தெரிந்தவரை எண்ணவே பயமாக இருக்கிறது.

மார்ச் 19. உடம்பு தூக்கிப் போடும் குளிர்காய்ச்சல், வலது விலாவுக்குக் கீழே தாங்க முடியாத வலி, கண் முன்னைவிட மஞ்சள். இந்த மூன்றும் சேர்ந்து வந்தால் பெரும்பாலும் பித்தநாளத்தில் கிருமி தொற்றியிருக்கிறது என்று பொருள். சார்க்கோ என்ற பிரெஞ்சு மருத்துவரின் பெயரால் இந்த மூன்றையும் சேர்த்துச் சொல்வார்கள். பிலிருபின் 9.6, வெள்ளையணு 18,000. அவருடைய மகன் என்னிடம் சீட்டைக்கூட வாங்காமல் வண்டி பிடித்துப் பாளையங்கோட்டைக்குக் கொண்டுபோனார். ஸ்கேனில் பித்தப்பையில் பொடிக்கற்கள்; பித்தநாளத்தில் ஒரு கல், 9 மில்லிமீட்டர். வாய் வழியாக எண்டோஸ்கோப்பிக் குழாயை விட்டு, நாளத்தின் வாயைக் கீறிக் கல்லை எடுத்தார்கள். அடுத்த மாதம் பித்தப்பையையும் எடுத்தார்கள். பிழைத்தார்.

மடையில் சிக்கிய தேங்காய்

கல் நாளத்திலேயே இருந்தது என்றால் பிப்ரவரியில் மஞ்சள் எப்படி இறங்கியது? அண்ணாச்சி ஆஸ்பத்திரிக் கட்டிலில் இருந்தே என்னிடம் கேட்ட கேள்வி இது. கேட்க வேண்டிய கேள்வியும் இதுதான்.

டிசம்பர் வெள்ளத்தில் எங்கள் வாய்க்கால் மடையில் ஒரு மட்டைத் தேங்காய் வந்து அடைத்துக்கொண்டது. பின்னால் தண்ணீர் தேங்கியது. தேங்கிய தண்ணீர் உயர உயரத் தேங்காய் மேலே மிதந்து விலகியது. தண்ணீர் விடுவிடுவென்று வடிந்தது. மட்டம் குறைந்ததும் தேங்காய் மறுபடியும் மடைவாயில் வந்து உட்கார்ந்தது. நாளத்துக் கல்லும் அப்படித்தான். அடைப்புக்குப் பின்னால் பித்தம் தேங்க நாளம் விரியும், விரிந்த இடத்தில் கல் பின்னோக்கி நகரும், பித்தம் வடியும், கண் வெளுக்கும். பிறகு ஒரு நாள் கல் மறுபடியும் வாய்க்கு வரும். நாளத்தின் வாயருகே வரும் சில புற்றுக்கட்டிகளிலும் மஞ்சள் இப்படி ஏறி இறங்குவது உண்டு. அங்கே இழக்கும் ஆறு வாரத்துக்கு விலை இன்னும் அதிகம்.

காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதை என்று நம் ஊரில் சொல்கிறோம். தற்செயலுக்குச் சொல்லும் பழமொழி. பனங்காட்டுக்காரர்களான நாம் அதை இன்னும் கொஞ்சம் தோண்டிப் பார்க்கலாம் என்று எனக்குத் தோன்றுவதுண்டு. காக்கை ஏன் அன்றைக்கு அந்தக் குலையில் உட்கார்ந்தது? பச்சைக்காய்க் குலையில் அதற்கு என்ன வேலை? கனிந்து வாசம் வந்த பிறகுதான் வரும். கனிந்த பழம் இன்றோ நாளையோ விழப்போகிற பழம். சாற்றுக்குப் போகிறவர்களும் அப்படித்தான். கண் லேசாக மஞ்சளான நாளில் யாரும் ஆச்சி வீட்டுக்குப் போவதில்லை. மஞ்சள் உச்சிக்கு ஏறி, அரிப்பு உயிரை எடுக்கும் நாளில் போகிறார்கள். உச்சிக்குப் போன எதுவும் அடுத்தபடி இறங்கத்தான் செய்யும். டெங்குவில் பப்பாளி இலைச் சாறு பெயர் வாங்கியதிலும் இந்தக் கணக்குக்குப் பங்கு உண்டு. தட்டணுக்கள் அடிமட்டத்துக்கு இறங்கிய அன்று வீட்டார் இலை தேடி ஓடுகிறார்கள். காய்ச்சல் தொடங்கி ஒரு வாரம் ஆகும்போது அந்த எண் பெரும்பாலோருக்குத் தானாகவே ஏறத் தொடங்கும்.

என் நோட்டும் சாட்சி ஆகாது

இவ்வளவும் புரிந்த பிறகு, என்னிடம்தான் இருபத்திரண்டு வருட நோட்டுகள் இருக்கின்றனவே, சாறு குடித்தவர் குடிக்காதவர் என்று பிரித்துக் கணக்குப் போட்டுவிடலாம் என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்தேன். இரண்டு மணி நேரத்தில் நோட்டை மூடினேன். முதல் சீட்டோடு நின்றுபோன பெயர்கள் பக்கம் பக்கமாக இருந்தன. முழுக்கத் தேறியவர் மறுபடியும் காசு கொடுத்து ஊசி குத்திக்கொள்ள வருவதில்லை. மோசமானவர் பாளையங்கோட்டைக்கோ மதுரைக்கோ போய்விடுகிறார். இறந்தவர் வருவதே இல்லை. இரண்டாம் சீட்டுக்கு என்னிடம் வருகிறவர்கள் பாதி தேறிய நிலையில் இருப்பவர்கள், அதுவும் எண் குறைந்ததைத் தாளில் பார்க்க ஆசைப்படுகிறவர்கள். அவர்களை மட்டும் எண்ணினால் தேன்குழல் தின்றவர்களும் காமாலையில் தேறியதாகக் கணக்கு வரும்.

கீழாநெல்லியை ஒழுங்காகச் சோதித்துப் பார்த்தவர்கள் உண்டு. முதலில் அதைச் செய்தவர்களில் நம் ஊர்க்காரர்கள் முன்னால் நிற்கிறார்கள். சென்னையில் எஸ்.பி. தியாகராஜனும் குழுவினரும், ஹெபடைடிஸ் பி வைரஸைக் கண்டறிந்து 1976இல் நோபல் பரிசு பெற்ற பரூக் பிளம்பெர்க்கோடு சேர்ந்து செய்த ஆய்வு 1988இல் லான்செட் மருத்துவ இதழில் வந்தது. அந்த வைரஸை உடலில் நெடுங்காலம் சுமப்பவர்களில் ஒரு பகுதியினருக்குக் கீழாநெல்லி, மற்றவர்களுக்கு மருந்து போலத் தோன்றும் வெற்றுப்பொடி, முப்பது நாள். கீழாநெல்லி எடுத்த 37 பேரில் 22 பேரின் இரத்தத்தில் வைரஸின் மேலுறைப் புரதம் காணாமல் போனது. வெற்றுப்பொடி எடுத்த 23 பேரில் ஒருவருக்கு மட்டும். உலகமே திரும்பிப் பார்த்த முடிவு அது. ஆனால் ஆய்வில் சேர்ந்தவர்கள் 78 பேர். 37உம் 23உம் 60. என் நோட்டைப் புரட்டிய கைக்கு அந்த மீதிப் பதினெட்டு பேர் உறுத்துகிறார்கள். 1990இல் தாய்லாந்திலும் 1994இல் நியூசிலாந்திலும் மறுபடியும் செய்து பார்த்தபோது அந்த அதிசயம் நடக்கவில்லை. 2011இல் எல்லா ஆய்வுகளையும் திரட்டிப் பார்த்த காக்ரேன் மதிப்பாய்வும் வெற்றுப்பொடியைவிட மேலானது என்பதற்கு நம்பத் தகுந்த ஆதாரம் இல்லை என்றது. இவ்வளவும் நாள்பட்ட ஹெபடைடிஸ் பி பற்றி. பையனுக்கு வந்த ஏ வேறு வைரஸ். அண்ணாச்சிக்கு வந்தது வைரஸே இல்லை.

நாட்டுச் செடி என்பதாலேயே தோற்றுவிடும் என்றும் யாரும் நினைக்க வேண்டாம். சர்ப்பகந்தா என்ற செடியை மும்பையில் ருஸ்தம் ஜல் வகீல் இரத்தக் கொதிப்பு நோயாளிகளிடம் சோதித்து 1949இல் வெளியிட்டார். 1952இல் அதிலிருந்து ரெசர்பின் பிரித்தெடுக்கப்பட்டு உலகம் முழுவதும் மாத்திரையாகப் போனது. பாளையங்கோட்டையில் 1964 முதல் அரசு சித்த மருத்துவக் கல்லூரி இருக்கிறது. சித்த மருத்துவரே கூட நாடி, நாக்கு, மலம், நீர் எல்லாம் பார்த்த பிறகுதான் மருந்தைச் சொல்வார். அண்ணாச்சியின் வெள்ளை மலத்தை முதல் நாளே ஒரு நல்ல சித்த மருத்துவர் பார்த்திருந்தால் மோரில் கரைத்துக் கொடுத்து அனுப்பியிருக்க மாட்டார் என்று நம்புகிறேன்.

இந்தச் சோதனை முறையை அண்ணாச்சிக்கு விளக்குவது கடினமாக இருக்கவில்லை. ஆஸ்பத்திரியிலிருந்து வந்து திண்ணையில் சாய்ந்திருந்தார்.

"அண்ணாச்சி, மாதச் சீட்டில் பணம் யாருக்கு என்பதை நீங்களே பார்த்துப் பொறுக்கிக் கொடுத்தால் என்ன?"

"கொன்றுவிடுவார்கள். குலுக்கித்தான் போட வேண்டும். அதுவும் எல்லோர் பெயரும் உள்ளே இருக்க வேண்டும். எடுப்பது சின்னப் பிள்ளையாக இருக்க வேண்டும்."

"சாறு யாருக்கு, வெறும் மோர் யாருக்கு என்பதையும் அப்படிக் குலுக்கிப் போட வேண்டும். ஆச்சிக்கும் தெரியக் கூடாது, குடிப்பவருக்கும் தெரியக் கூடாது. கடைசியில் எல்லோர் பெயரையும் எண்ண வேண்டும், ஓடிப்போனவர்களையும் சேர்த்து."

கொஞ்ச நேரம் யோசித்தார். "ஓடிப்போனவனைக் கணக்கில் விட்டால்தான் சீட்டு முழுகும்" என்றார்.

ஒரு வருத்தம். இந்தக் கட்டுரையும் நாலு பேர் கதைதான். சாற்றுக்கு எதிராக இதை ஆணியில் குத்தினால் அண்ணாச்சி செய்ததையே நானும் செய்கிறேன். கொத்தனாரும் பையனும் தேறியது சாற்றால் இல்லை என்று நான் நிரூபித்துவிடவில்லை. தேறியதற்குச் சாறு தேவைப்படாத காரணங்கள் கண் முன்னால் இருக்கின்றன என்று மட்டும்தான் காட்ட முடியும். இத்தகைய கதைகள் கேள்வி எழுப்பப் போதும். அண்ணாச்சியின் நாலாவது வரி எனக்கு எழுப்பிய கேள்வியால், இப்போதெல்லாம் இரண்டாம் சீட்டைக் கொடுக்கும்போது கடைசி வரியிலிருந்து மேல்நோக்கிப் படிக்கிறேன். கர்ப்பிணிப் பெண் மஞ்சள் கண்ணோடு வந்தால் எண்ணே பார்ப்பதற்கு முன் கிராம சுகாதாரச் செவிலியருக்குப் போன் செய்கிறேன். இதே தண்ணீரில் வரும் ஹெபடைடிஸ் இ, பேறுகாலத்தின் கடைசி மாதங்களில் ஐந்தில் ஒரு தாயைக்கூடக் கொண்டுபோகக் கூடியது. ஆச்சியிடம் ஒன்றே ஒன்று கேட்டுக்கொண்டேன்: மலம் வெளுத்திருக்கிறதா, உடம்பு அரிக்கிறதா என்று கேட்டுவிட்டு அரையுங்கள். "அதைக் கேட்பதற்கு எனக்கு என்ன வெட்கம்? பத்துப் பிள்ளை வளர்த்தவள்" என்றார். கேட்கிறார் என்றுதான் கேள்விப்படுகிறேன்.

ஆவணியில் கடைக்குப் போனேன். நாள்காட்டிக்குக் கீழே ஆணியில் புதிதாக ஒரு தாள். ஆஸ்பத்திரியில் கொடுத்த டிஸ்சார்ஜ் சீட்டு, எடுத்த கல்லின் படத்தோடு. பழைய இரண்டு சீட்டுகளையும் காணோம்.

அடுத்த வாரம் கல்லூரியில் படிக்கும் ஒரு பெண்ணின் அப்பா என்னிடம் வந்தார். மகளுக்குக் காய்ச்சல், வாந்தி, நேற்றிலிருந்து கண் மஞ்சள். முந்தின நாள் கடையில் அண்ணாச்சியிடம் சொல்லியிருக்கிறார். "சாறு கீறு என்று நாளைக் கடத்தாதீர். நேராகப் போய்க் குழாய் விடச் சொல்லும். எனக்கு அன்றைக்கே தெளிந்துவிட்டது" என்றாராம் அண்ணாச்சி. குழாய் விட எவ்வளவு செலவாகும் என்று கேட்கத்தான் அந்த மனிதர் என்னிடம் வந்திருந்தார், நகையை அடகு வைக்க வேண்டியிருக்குமோ என்ற யோசனையோடு.

இரத்தம் எடுத்தேன். எஸ்ஜிபிடி 1,900. ஆல்கலைன் பாஸ்பட்டேஸ் 128. கீழிருந்து மேலாக ஒவ்வொரு வரியையும் படித்துக் காட்டி, அடைப்பு மாதிரித் தெரியவில்லை, இன்றைக்கே டாக்டரிடம் காட்டுங்கள், பெரும்பாலும் ஓய்வே போதும் என்பார், குழாய்க்கெல்லாம் இப்போது வேலை இருக்காது என்றேன்.

முகம் தெளிந்தது. சீட்டை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு படி இறங்கியவர் திரும்பி நின்றார்.

"அப்படியென்றால் ஆச்சியிடம் சாறு வாங்கிக் கொடுக்கலாம், இல்லையா?"